ஜெபத்துக்குக் கொடுத்தது

"நான் யாருகிட்டயும் சொல்லல்ல…"

"சொல்லாம பின்ன எப்படி அந்தக் கனகபாய் அக்காவுக்கு…"

"சொல்லல்லன்னு சொல்லுதேன்லா! ஜெபத்துக்குக் குடுத்தேன். அது வேற, இது வேற."

"என்ன வேற? வாயால தானே குடுத்தீங்க?"

"ஒச்ச வைக்காத சோனா, மெதுவா பேசு. அப்பா முற்றத்துல இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்கும் தெரியும்லா! பாறசாலை முழுக்கத் தெரியும். பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்ங்கிறது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது!"

முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பொன்னையன் கம்பிப்பாரையை நிறுத்தினார். கேரள அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும் அவருக்கு அது பஸ்ஸுக்குள் நடக்கிற சண்டைதான்.

"எறங்குறவங்க எறங்கி நின்னு பேசுங்க. வண்டி எடுக்கணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடி தேங்காயைக் குத்தினார்.

சோனா சங்கத்துக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். கனகபாய் கை வைத்த இடம் இன்னும் கனத்தது.

அன்று சாயங்காலம் பெண்கள் சங்கக் கூட்டம். கப்பல் ஊழியத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிற சகோதரி என்று சோனாவை முன்னால் உட்கார்த்தியிருந்தார்கள். பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது. கனகபாய் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினாள். "ஆண்டவரே, கடலின் நடுவிலே உம்மை நோக்கி வாய் திறக்க முடியாமல், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு திரிகிற உம்முடைய மகளுக்கு இரங்கும்" என்றாள். யாரோ பாவம் என்று நினைத்து, எல்லாரோடும் சேர்ந்து சோனாவும் ஆமென் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அந்தக் கை அவள் தலையில் வந்து விழுந்தது.

பிறகு சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தாள்.

"வெஷமப்படாத மக்களே. தொடக்கத்துல இருந்தே நாங்க உன்னை ஜெபத்துல சொமக்கோம்."

"அந்த ஆப்பிரிக்காக்காரி காரியம் எல்லாம் எங்களுக்குத் தெரியும் கேட்டியா."

"மனசுல ஒண்ணும் வைக்காண்டாம். நாங்க உண்டுல்லா."

சோனா பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எண்ணெய் சேலையில் இறங்கியது. இந்தக் காரியத்தை அவள் சொன்னது உலகத்தில் ஒரே ஒருத்தரிடம்தான்.

அந்த ஒருத்தர், அவள் கணவன் அகில், இப்போது கதவை ஒட்டி நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"உனக்காகத்தானே குடுத்தேன்? வேற எதுக்கு? எனக்கு ஒரு சொமை, அதை போன்ல நம்ம கோயில் ஜெபக்குழுவுல வச்சேன். கப்பல்ல எல்லாரும் செய்யது தானே?"

"அது உங்க சொமையா? என் சொமையாக்கும்."

"புருஷன் பொஞ்சாதிக்குள்ள என்ன உன் சொமை, என் சொமை?"

"அப்படின்னா அந்தக் குழுவுல எத்தனை பொஞ்சாதி உங்களுக்கு?"

முற்றத்தில் கம்பிப்பாரை மறுபடி நின்றது.

*

அவர்கள் இருந்த கப்பலுக்குப் பெத்தேல் ஸ்டார் என்று பெயர். புத்தகமும் மருந்தும் ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகிற மிஷன் கப்பல். அதில் மாலுமியிலிருந்து மாவு பிசைகிறவர் வரை எல்லாரும் தன்னார்வலர்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அகில் என்ஜின் அறையில் வேலை செய்தான். சோனா சலவை அறையில். கப்பல் கரையைப் பிடித்துவிட்டால் சலவையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, ஊருக்குள் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிற கூட்டத்தில் சேர்ந்துகொள்வாள். மகள் ஜெமி மேல்தளத்துப் பள்ளியில், பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே அறையில் படித்தாள்.

மூன்று பேருக்கும் ஒரு கேபின். நீர்மட்டத்துக்குக் கீழே இருந்ததால் அதற்கு ஜன்னல் இல்லை. ஜெமி ஒவ்வொரு துறைமுகத்திலும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, காகிதத்தில் ஒரு ஜன்னலை வரைந்து சுவரில் ஒட்டுவாள். கப்பல் புறப்பட்டதும் பழைய ஜன்னலைக் கிழித்துவிடுவாள். சுவர் என்ன சுவர், தகரம். பக்கத்துக் கேபின் கொரியாக்காரர் தும்மினால் இவர்கள் "காட் பிளஸ் யூ" சொல்ல, அங்கிருந்து "தேங்க்யூ" வரும். அதனால் மனம்விட்டு ஏதாவது பேசவேண்டுமென்றால் சோனா முதலில் காற்று விசிறியை முழுசாகத் திருகிவைப்பாள். அந்த இரைச்சல்தான் அவர்கள் வீட்டுக் கதவு.

அப்படித் திருகிவைத்துவிட்டுத்தான் அன்றைக்கும் சொன்னாள்.

காரியம் இதுதான். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகம். கதை கேட்க வந்த பிள்ளைகளுக்குப் பின்னால் ஒருத்தி இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு நின்றாள். குழந்தை வயிறு வீங்கி, கழுத்து நிற்காமல் துவண்டு கிடந்தது. கூட்டம் கலைந்தபிறகு அவள் பக்கத்தில் வந்தாள். மொழிபெயர்க்கிற பையன் மூலமாக, ஜெபம் பண்ணச் சொன்னாள். சோனா குழந்தையின் வயிற்றில் கை வைத்து மனசு உருகி ஜெபித்தாள். வேன் ஹாரன் அடித்தது. எழுந்தாள். எழுந்தவள் வாயில், பிறந்ததிலிருந்து வருகிற சொல் வந்தது.

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்திலும், வீட்டைவிட்டு இறங்குகிற யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "வாறேன்" என்றுதான் சொல்வார்கள். திரும்ப வருகிறவர்களும் அதுதான், ஜன்மத்துக்கும் வராதவர்களும் அதுதான். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் இறங்குவது. அந்த வாறேனைத்தான் சோனா இங்கிலீஷில் போட்டு, "ஐ வில் கம், ஓகே?" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு வேனில் ஏறினாள். பையன் நல்ல பையன், ஒரு சொல்லும் விடாமல் அதை அப்படியே அவள் மொழியில் சொல்லிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில், தானியக் கப்பல் ஒன்று வருகிறது, இடத்தை விடுங்கள் என்று துறைமுகத்திலிருந்து உத்தரவு. பெத்தேல் ஸ்டார் ஏணியைத் தூக்கியது. துணிக்கூடையோடு மேல்தளத்துக்கு வந்த சோனா கீழே பார்த்தாள். கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியின் பக்கத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. அதன்மேல் அவள் நின்றிருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். கப்பல் நகர்ந்தபோது அவள் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று காட்டுகிறவளைப் போல. சோனா கையை ஆட்டவில்லை. ஆட்டினால் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாளோ என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அதுக்குப் பிறகு தலை குனிஞ்சா ஒண்ணும் வரல்ல" என்றாள் அன்று, விசிறி இரைச்சலுக்கு நடுவே. "எல்லாரும் ஜெபிக்கும்போ நானும் உதட்டை அசைச்சிட்டு இருக்கேன். வாறேன்னு சொன்ன நாக்குல்லா இது. இதுல வேற என்ன வரும்?"

"உனக்குத் தெரியாம வந்தது தானே சோனா."

"ஆருகிட்டயும் சொல்லாதீங்க. சத்தியமா."

"என்கிட்ட சொன்னா கடல்ல போட்ட கல்லு."

அந்தக் கல் பாறசாலையில் மேலே வந்துவிட்டது.

*

மறுநாள் காலையில் ஜெமியை மாமனாரோடு விட்டுவிட்டு சோனா பனச்சமூட்டுக்கு பஸ் ஏறினாள். அவளுடைய அம்மா லீலாபாய்க்கு அங்கே சந்தையை ஒட்டி ஒரு தையல் கடை. மிஷினில் உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் தலை நிமிராத மனுஷி.

"மருமகன் வரல்லியா?"

"இல்ல."

"சண்டையா?"

"ஆரு சொன்னா?"

"மொகத்துல எழுதி வச்சிருக்க. உக்காரு. அந்தத் துணியை அங்கிட்டு மாத்து."

சோனா உட்காரவில்லை. "அம்மா, எனக்கு ஜெபம் வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மிஷின் நின்றது. லீலாபாய் ஊசியின் கீழிருந்த ஜாக்கெட் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மருமகன் ஜெபத்துக்குக் குடுத்த அன்னைல இருந்து. உபவாச ஜெபத்துல எல்லாரும் ஏறெடுக்குதோம்லா."

"அப்படின்னா வாராவாரம் வீடியோவுல, ‘ஜெபிச்சியா மக்கா’ன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"நான் ஜெபிச்சேன்னு சொன்னேன்."

"சொன்ன. சொல்லும்போ காதைப் பிடிச்சுத் திருகுவ. சின்னதுல இருந்தே பொய் சொல்லும்போ நீ அப்படித்தான்."

"பொய்யின்னு அறிஞ்சும் மறுபடி மறுபடி கேட்டீங்க! என்னைப் பொய்க்காரி ஆக்குததுக்கா?"

"இல்லட்டி." லீலாபாய் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. "ஒரு நாள் நீ ‘இல்லம்மா’ன்னு சொல்லுவியான்னு பாத்துட்டு இருந்தேன். ஊரு சொல்லிக் கேட்டேன். நீ சொல்லிக் கேக்கண்டாமா? பெத்தவளுக்கு அது கூடக் கெடைக்காண்டாமா?"

வெளியே தமிழ்நாட்டு பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. லீலாபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுக் குரலை மாற்றினாள்.

"போகட்டு. எல்லாம் கழிஞ்ச காரியம். அந்தக் கொச்சுதான் சொகமாயிட்டுல்லா. பின்ன உனக்கு என்ன வெப்ராளம்?"

"எந்தக் கொச்சு?"

"அந்த மஞ்சச் சட்டைக் கொச்சு."

"சொகமாயிட்டா? ஆரு சொன்னா?"

"மருமகனாக்கும். போன மாசம் நீங்க வந்து எறங்கின வாரம் கோயில்ல சாட்சி சொன்னாரே. ஜெமிக்குக் காய்ச்சல்னு நீ வீட்டுல இருந்த. ‘வயிறு வத்தி, எழும்பி ஓடி நடக்குது’ன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் பண்ணினோம். உன்கிட்ட சொல்லல்லியா?"

"இல்ல…"

"சந்தோசமா சொல்லணும்னு வச்சிருப்பாரு. ஆம்பிளைகளுக்கு எதை எப்ப சொல்லணும்னு அறியாதே."

சோனா கடையின் பின்பக்கம் போனாள். அங்கே துணி அலசுகிற கல்லும் ஒரு குழாயும் உண்டு. கல்லைப் பிடித்துக்கொண்டு முட்டுப் போட்டாள். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக மடங்கியது. "ஆண்டவரே" என்றாள். அதற்குப் பின்னாலேயே, அடைத்த குழாய் திறந்ததுபோல வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் தெரியாததால் மஞ்சள் சட்டைக்காரியின் அம்மா என்றே சொல்லி ஜெபித்தாள். அந்தப் பாய்க்காக ஜெபித்தாள். அலைந்து பேசி அந்த நல்ல செய்தியைச் சேர்த்த யாரோ ஒருவருக்காக, மொழிபெயர்த்த பையனுக்காக, அம்மாவுக்காக, கடைசியில் கனகபாய் அக்காவுக்காகக்கூட. எழுந்தபோது சேலை முட்டுவரை நனைந்திருந்தது.

லீலாபாய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மிஷினை மிதித்தாள். மிதிக்கிற சத்தத்திலேயே ஒரு துள்ளல் இருந்தது.

*

திரும்புகிற வழியில் சோனா அகிலுக்குப் பிடித்த ரசகதலிப் பழம் ஒரு சீப்பு வாங்கினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். போகட்டும் என்று நினைத்தாள். சொன்னது தப்புதான். ஆனால் செய்தி விசாரித்தும் இருக்கிறாரே! கப்பலுக்குத் திரும்பிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை, ஊழியத்துக்கு அனுப்பிவைக்கிற பிரதிஷ்டை ஆராதனையில், கப்பலில் இரண்டாம் தவணைக்கு இரண்டு பேருமாக முன்னால் போய் நிற்கலாம். இத்தனை நாளும் அவள் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அகில் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் பொன்னையன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறினவ எறங்கியாச்சா? மொகம் தெளிஞ்சிருக்கே மக்களே."

"தெளிஞ்சு மாமா. இந்தாங்க, பழம் தின்னுங்க."

உள்ளே போய்க் கணவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் சட்டையை மடித்தபடி ஓரக்கண்ணால் பார்த்தான்.

"கோவம் போச்சா?"

"போச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் கொச்சு சொகமானதை ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது.

"அம்மா சொன்னாங்க" என்றாள் சோனா. "ஆரு உங்களுக்கு அறிவிச்சா? அந்தப் பையனா? அவன் நம்பர் உண்டா? நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும். தெரியாம சொன்னதுன்னு ஒரே ஒரு வார்த்தை."

"அது… சோனா, அது விசுவாசத்துல சொன்னதாக்கும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா… ஆண்டவர் செய்வாருன்னு விசுவாசிச்சு, செஞ்சிட்டாருன்னு சொல்லுதது."

"ஆரும் அறிவிக்கல்லியா?"

"நீ நான் சொல்லுதத கேளு. பீடத்துக்குக் கீழ நின்னு பேசிட்டு இருக்கேன். எல்லாரும் என் வாயையே பாக்காங்க. முன் பெஞ்சுல உள்ள அம்மாமார் அழுது மூக்கைச் சிந்துறாங்க. ‘பின்ன கொச்சுக்கு என்னாச்சு’ன்னு ஒருத்தி கேட்டே போட்டா. நான் என்ன சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரியாதுன்னு எவனாவது சாட்சி சொல்லுவானா?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு தான் சொல்லணும்! நம்ம கப்பலுக்கு அதுதானே உண்மை? எந்த ஊருல எதைத் தெரிஞ்சிட்டு எடுத்தோம்? ஜெபம் பண்ணுவோம், கயிறு அவுப்போம், போவோம்!"

"விசுவாசத்துல சொன்னா பொய்யில்ல சோனா."

சோனா தன் சேலையின் முட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். பஸ்ஸிலேயே காய்ந்துவிட்டது. கல்லில் இருந்த சோப்புக்கறை மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

"நான் இன்னைக்கு ஜெபிச்சேன்" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"கொச்சு பிழைச்சதுன்னு கேட்டதும் முட்டுப் போட்டு ஜெபிச்சேன். வந்தது. அழுது அழுது நன்றி சொன்னேன். இல்லாத ஒண்ணுக்கு."

அகிலின் முகம் மலர்ந்துவிட்டது. கடைசி வார்த்தை அவன் காதில் ஏறவே இல்லை. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான்.

"ஸ்தோத்திரம்! பாத்தியா? பாத்தியா சோனா! ஜெபம் கேக்கப்பட்டு! அப்பா… அப்பா, இஞ்ச வாங்க! சோனாவுக்கு ஜெபம் வந்துட்டு! ஞாயிற்றுக்கிழமை இதை நீயே சொல்லணும், கேட்டியா? இப்ப கனகபாய் அக்காவுக்கு விளிச்சு…"

கை சட்டைப் பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தது.

பொன்னையன் வாசல்படியில் வந்து நின்றார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் பயணிகளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்தவரா எடுக்காதவரா என்று கண்டவர்.

"எலே" என்றார். "வாயை மூடுலே. போனைக் கீழ வை."

"அப்பா, இது சந்தோசமான காரியம்…"

"உனக்குத்தாம்லே சந்தோசம். அவளுக்கு இல்ல. அவ எறங்கியாச்சு, நீ இன்னும் பெல்லடிச்சிட்டு இருக்க."

*

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை ஆராதனையில் அகில் தனியாகத்தான் நின்றான். மகளின் படிப்புக்காக சகோதரி கொஞ்சகாலம் ஊரில் இருப்பார் என்று போதகர் அறிவித்தார். அந்தக் காரணத்தைக் கொடுத்தது யார் என்று சோனா கேட்கவில்லை. அதுவும் விசுவாசத்தில் சொன்னதாக இருக்கும். ஆசி கூறி முடித்ததும் சபை ஆமென் சொன்னது. சோனா உதட்டை அசைக்கவில்லை. அசைத்துக் காட்ட வேண்டியவர்கள் யாரும் இப்போது மிச்சமில்லை.

கப்பல் மலேசியக் கரையில் நின்றிருந்தது. அகில் அங்கே போய்ச் சேரவேண்டும். விமான நிலையத்துக்குக் கார் வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். கனகபாய் வந்திருந்தாள். லீலாபாயும் பனச்சமூட்டிலிருந்து வந்து, சம்பந்தியிடம்கூட அதிகம் பேசாமல் மதிலோரம் நின்றாள். ஜெமி கேபின் சுவருக்கென்று ஒரு ஜன்னல் வரைந்து சுருட்டிக் கொடுத்தாள்.

"எந்த ஊரு ஜன்னல் மோளே?"

"நம்ம வீட்டு ஜன்னல் அப்பா. கப்பல் போனாலும் இதைக் கிழிக்காதீங்க."

அகில் மகளை இறுக்கிப் பிடித்தான். பிறகு பெட்டியோடு கேட்டருகில் நின்ற சோனாவிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். விசிறி இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஆறு மாசம் கழிச்சு நீயும் வா. நான் கேபினை விட்டுக் குடுக்காம வச்சிருப்பேன்."

அவள் பெட்டியை நீட்டினாள்.

"ஏதாவது பேசு சோனா. எல்லாரும் பாக்காங்க."

அவன் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தான். ஆட்களைப் பார்த்துக் கும்பிட்டான். அப்பாவின் கையைத் தொட்டான். காரின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி, இந்த ஊரில் பிறந்த எவனும் சொல்கிறதைச் சொன்னான்.

"அப்ப, வாறேன் சோனா."

சோனா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போறேன்னு சொல்லுங்க."